போர் விமான மாதிரி: எதனைத் தெரிவது?

கல்லூரி மாணவர் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் வகை பல. தபால் தலை சேர்ப்பாரும், பழைய நாணயம் தொகுப்பாரும், சித்திரம் எழுதுவாரும் நம்மிடையே உளர். அண்மைக் காலத்தில் எம் விடுதியில் வேறொரு பழக்கம் வேரூன்றியிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் பறந்த போர் விமானங்களின் சிறு மாதிரிகளைச் செய்வதே அது. 'கிட்' என வழங்கும் பெட்டியை வாங்கி, அதனுள் சட்டங்களில் ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் உறுப்புக்களைக் கத்தியால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, வண்ணம் பூசி, ஈற்றில் நீரில் நனைத்த அடையாளப் படங்களை ஒட்டி முடிப்பர். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே.

சென்ற பருவத்தில் யாம் மூவர் பொருள் கூட்டி ஒரு பெட்டி வாங்கக் கருதினோம். எந்த விமானம் என்பதில் வழக்கு மூண்டது. ஒருவர் ஸ்பிட்பயர் என்றார். ஒருவர் ஜப்பானியரின் ஜீரோ என்றார். யாம் ஹரிக்கேன் என்றோம். வழக்கு முற்றிய வேளையில் விடுதிக் காப்பாளர் ஐயா அவ்வழியே வந்தார். செய்தியைக் கேட்டறிந்து, "எதை வாங்குவது என்று வாதிடுகிறீர்கள், தம்பிமாரே. சமாதானப் பிரபுவின் பிள்ளைகள் கொலைக் கருவியொன்றை மேசைமேல் ஏன் வைக்க வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள்" என்று கூறிப் போயினார். அவ்வினாவிற்கு அப்பொழுது எம்பால் விடை இல்லை. இப்பொழுது ஒன்று உண்டு என எண்ணுகின்றோம். எதனைத் தெரிவது என்னும் வினாவும், ஏன் தெரிவது என்னும் வினாவும் இரண்டல்ல, ஒன்றே என்பதுதான் அவ்விடை. அதனை ஈண்டு விரித்துரைப்பாம்.

மாதிரி வாங்குவோர் பொதுவாக எவற்றை நோக்குகின்றனர்? பெட்டியின் மேலுள்ள சித்திரத்தில் மயங்கி வாங்குவார் ஒரு சாரார். விமானத்தின் புகழ் நோக்கி வாங்குவார் ஒரு சாரார். விலை நோக்கி வாங்குவார் பிறிதொரு சாரார். உறுப்புக்கள் இடைவெளியின்றிப் பொருந்துமா என்பதொன்றையே நோக்குவார் கைவினையில் தேர்ந்தவர். இவருள் எவரையும் யாம் இகழேம். மாணவர் கைப்பொருள் சிறிது. ஆகலின் விலையும் நோக்கற்பாலதே. பொருந்தா உறுப்புக்களோடு பல இரவு போராடிய அனுபவம் எமக்கும் உண்டு. ஆயினும் இவையெல்லாம் பெட்டியைப் பற்றிய ஆராய்ச்சியே. பெட்டியுள் இருப்பது யாருடைய விமானம் என்னும் ஆராய்ச்சி இவற்றின்பின் இன்னும் எஞ்சி நிற்கின்றது.

இம்மாதிரிகள் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவாம். 1932-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்னும் பெயரால் மரத்தாலான சிறு விமான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. அவை மெய் விமானத்தின் 72-இல் ஒரு பங்கு அளவின. இவ்வளவின்படி ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்கும். அஃதாவது, ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குல உயரம் ஆவான். 1936-இல் 'பிராக்' நிறுவனத்தார் 'பெங்குவின்' என்னும் பெயரால் அதே அளவில் பிளாஸ்டிக் மாதிரிகளை வெளியிட்டனர். 1953-இல் 'ஏர்பிக்ஸ்' நிறுவனத்தார் தம் முதல் விமான மாதிரியாக ஸ்பிட்பயரை வெளியிட்டனர். அன்று தொட்டு இக்கலை உலகெங்கும் பரவியது.

ஆனால் இடையே போர்க்காலத்தில் இம்மாதிரிகட்கு வேறொரு தொழில் வாய்த்தது. வானத்தில் வருவது நம்மவர் விமானமோ பகைவர் விமானமோ என்பதை நொடிப்பொழுதில் அறியப் படைவீரரைப் பழக்குதற்கு அவை பயன்பட்டன. 1942-இல் அமெரிக்கக் கடற்படையினர் 72-இல் ஒரு பங்கு அளவில் 5,00,000 மாதிரிகளைச் செய்து தருமாறு அந்நாட்டுப் பள்ளி மாணவரை வேண்டினர். சிறுவர் பலர் தம் பள்ளித் தொழிற்கூடங்களில் மரத்தைச் செதுக்கிச் செய்து கொடுத்தனர். அவ்வளவினதான மாதிரியை 35 அடி தொலைவில் நிறுத்தி நோக்கினால், ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் பறக்கும் மெய் விமானம் போல அது தோன்றும். அம்மாதிரிகள் கரு நிறம் பூசப்பட்டவை. அழகு கருதிச் செய்யப்பட்டவை அல்ல. உருவத்தைப் பிழையின்றிக் காட்டுதலே அவற்றின் நோக்கம்.

அப்பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சி சான்றாகும். பிரிட்டன் போர் அறிவித்த மூன்றாம் நாள், 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி காலையில், இங்கிலாந்தின் தென்கிழக்கு வானில் 56-ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் பறந்தன. அவற்றைப் பகைவருடையவை எனப் பிறழ உணர்ந்து, 74-ஆம் படைப்பிரிவின் ஸ்பிட்பயர்கள் தாக்கின. ஹரிக்கேன் இரண்டு வீழ்ந்தன. ஹல்ட்டன்-ஹாரப் என்னும் இளைஞர் மாண்டார். அப்போரில் இறந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவரே. பகைவர் குண்டு பட்டு அவர் இறக்கவில்லை. 'பார்க்கிங் கிரீக் சண்டை' என இந்நிகழ்ச்சியைப் பின்னர்க் குறிப்பிட்டனர்.

இதனால் யாம் பெறும் முதல் விதி ஒன்று உண்டு. உள்ளதை உள்ளவாறு காட்டாத மாதிரி, மாதிரி எனப்படும் தகுதியை இழக்கின்றது. ஆகலின் 'ஒரு ஹரிக்கேன் வேண்டும்' என்று கடைக்குச் செல்லுதல் போதாது. ஹரிக்கேன் 1935-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி முதன்முதல் பறந்தது. தொடக்கத்தில் செய்தவற்றின் இறகுகள் துணி போர்த்தவை; அவற்றின் முகத்தில் சுழல்வது ஈரலகு மரச்சுழலி. 1940-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் பெரும்பாலும் சண்டையிட்டவையோ உலோகத் தகடு போர்த்த இறகும் மூவலகுச் சுழலியும் உடையவை. இன்று கடையில் இருவகைப் பெட்டியும் கிடைக்கின்றன. 72-இல் ஒரு பங்கு அளவிலேயே, ஏர்பிக்ஸ் நிறுவனத்தார் 2013-இல் துணியிறகு வகையை வெளியிட்டனர். போலந்து நாட்டின் ஆர்மா ஹாபி நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட முதலாம் வகை ஹரிக்கேனும் உண்டு. மேலட்டையில் ஒரே பெயர் இருத்தலால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் கூடாது. எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எந்த எண் என்று முதலில் துணிந்து, அதற்கேற்ற பெட்டியைப் பின்னர்த் தேடுதலே முறை.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஹரிக்கேனின் இறகு நுனிக்கும் நுனிக்கும் இடையே 40 அடி. 48-இல் ஒரு பங்கில் அது சரியாக 10 அங்குலம். 32-இல் ஒரு பங்கில் 15 அங்குலம். 72-இல் ஒரு பங்கில் ஏழு அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. விடுதியறையின் சிறு மேசைக்கும் மாணவர் பைக்கும் இம்மூன்றாம் அளவே ஏற்றது.

இனி, ஸ்பிட்பயரா ஹரிக்கேனா என்னும் பழைய வழக்கிற்கு வருவாம். மிட்செல் என்னும் அறிஞர் வகுத்த ஸ்பிட்பயர் 1936-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் தேதி முதன்முதல் பறந்தது. அதன் இறகு நீள்வட்ட வடிவினது. அழகில் அதனை வெல்வது அரிது. விரைவிலும் அதுவே மேம்பட்டது. சிட்னி காம் வகுத்த ஹரிக்கேனோ முதுகு கூனியது. பின்னுடல் உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரவரிச்சலும் துணியும் போர்த்தது. ஆயினும் செய்தற்கும் பழுது பார்த்தற்கும் எளியதாகலின், 1940-ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை நிகழ்ந்த பிரிட்டன் வான்போரில் ஹரிக்கேன்களே தொகையில் மிக்கிருந்தன. பகைவர் விமானங்களை மிகுதியாக வீழ்த்தியனவும் அவையே. புகழ் மட்டும் ஸ்பிட்பயரைச் சேர்ந்தது. கடைகளில் இன்றும் ஸ்பிட்பயர்ப் பெட்டியே முன்வரிசையில் நிற்கின்றது. உழைத்தவன் ஒருவனாகவும் பெயர் பெற்றவன் மற்றொருவனாகவும் இருப்பதை நாம் உலகில் நாள்தோறும் காண்கின்றோம். மேசைமேலாவது அம்முறைகேட்டைச் சிறிது திருத்தலாம் என்பது எம் எண்ணம்.

ஜீரோவை விரும்பிய தோழர்க்கும் மறுமொழி கூறவேண்டும். 1940-இல் படையிற் சேர்ந்த அவ்விமானம் நெடுந்தூரம் பறப்பதிலும் விரைந்து திரும்புவதிலும் வியக்கத்தக்கது. அந்த வன்மை எங்ஙனம் வந்தது? விமானியைக் காக்கும் கவசத் தகட்டையும் எண்ணெய்க் கலத்தைக் காக்கும் உறையையும் நீக்கி எடை குறைத்தமையால் வந்தது. அதனால் ஒரு குண்டு பட்டாலும் அது தீப்பற்றி எரிந்தது. ஜெர்மானியரின் மெசர்ஸ்மிட் 109 வகையில் 33,000-க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. அதன் உறுப்புக்களைச் செய்யும் வேலையில் பிளாசன்பூர்க் வதைமுகாமின் கைதிகள் வருத்தப்பட்டனர். இவற்றைக் கூறுவது, அந்நாட்டு விமானங்களைச் செய்தல் ஆகாது என்று விலக்குதற்கன்று. செய்வோர் இவற்றையும் அறிந்து செய்தல் வேண்டும் என்பதற்கே. ஜெர்மன் விமானத்தின் வாலில் நாஜிகளின் சின்னம் இருந்தது. ஜெர்மானியச் சட்டம் அச்சின்னத்தை வெளியிற் காட்டுதலைத் தடுப்பதால், பல பெட்டிகளில் அது இல்லாமலோ இருகூறாகப் பிரிந்தோ வருகின்றது. அச்சட்டத்தின் காரணத்தை யாம் மதிக்கின்றோம். ஆனால், சின்னத்தை வெறுப்பதாகக் கூறி அதனை நீக்கிவிட்டு, விமானத்தின் எழிலை மட்டும் கண்டு மகிழ்தல் எமக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. அச்சின்னத்தைக் காணப் பொறாதவர் அவ்விமானத்தைத் தெரியாதிருத்தலே நன்று.

நம் நாட்டுத் தொடர்பு கருதித் தெரியலாமே என்பார்க்கும் இடமுண்டு. அக்காலத்துச் சென்னை மாகாணத்திலிருந்து போர் நிதியாகச் சென்ற பொருளின் அறிகுறியாக, பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 234, 264-ஆம் படைப்பிரிவுகள் 'மதராஸ் பிரசிடென்ஸி' என்னும் அடைமொழியைப் பூண்டன. இவற்றுள் 79-ஆம் பிரிவு ஹரிக்கேன் செலுத்தியது. பின்னர் இந்தியாவிற்கும் வந்து பர்மாப் போர்முனையில் பறந்தது. இதனை அறிந்தபோது யாமும் உளம் பூரித்தோம். அப்பிரிவின் விமானம் ஒன்றையே செய்வோம் எனத் துணியவும் துணிந்தோம். ஆயினும் மறுநாள் ஆய்ந்து நோக்கியபோது, அத்துணிவு எம் ஊர்ப் பெயரைக் கண்ட செருக்கினின்றும் பிறந்ததென்பது புலனாயிற்று. அதிற் பறந்த மனிதர் ஒருவரையேனும் யாம் அறிய முயன்றிலம். பெயரைக் கண்டு மயங்குதலும் மேலட்டைச் சித்திரத்தைக் கண்டு மயங்குதலும் தம்முள் வேறல்ல.

அங்ஙனமாயின் யாம் தெரிந்தது யாது? 249-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த, P3576 என்னும் எண்ணும் GN-A என்னும் எழுத்தும் தாங்கிய ஹரிக்கேன். அதனைச் செலுத்தியவர் ஜேம்ஸ் நிக்கல்ஸன். அப்பொழுது அவர்க்கு வயது 23. 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி சவுத்தாம்ப்டன் நகர்க்கு அருகே அவருடைய விமானத்தைப் பகைவர் பீரங்கிக் குண்டுகள் நான்கு தாக்கின. இரண்டு அவரைக் காயப்படுத்தின. ஒன்று அவர் இருக்கைக்கு முன்னிருந்த எண்ணெய்க் கலத்தில் தீயை மூட்டியது. ஹரிக்கேனின் பெருங்குறை இக்கலமே. முகத்திற்கு நேரே அது அமைந்திருந்தமையால், தப்பிப் பிழைத்த விமானியர் பலரும் முகமும் கையும் வெந்தனர். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்னும் மருத்துவர் அத்தகையோர்க்கு முகம் மீட்டுத் தந்த வரலாறு அனைவரும் அறிந்தது. நிக்கல்ஸன் குதித்துத் தப்ப முனைந்த வேளையில், தம் முன்னே ஒரு மெசர்ஸ்மிட் 110 செல்வதைக் கண்டார். எரியும் இருக்கையில் மீண்டும் அமர்ந்து அதனைச் சுட்டார். பின்னரே குடையைப் பற்றிக் குதித்தார். இறங்கி வருகையில், கீழிருந்த ஊர்காவலர் அவரைப் பகைவர் எனக் கருதிச் சுட்டனர். அக்காயமும் அவர்க்கு நேர்ந்தது. அவரோடு பறந்த மார்ட்டின் கிங் என்னும் இளைஞர் அதே சண்டையில் இறந்தார். போர் விமானத் தலைமைப் பிரிவினருள் அப்போர் முழுவதிலும் விக்டோரியா சிலுவைப் பதக்கம் பெற்றவர் நிக்கல்ஸன் ஒருவரே.

அவர் வரலாறு ஆங்கே முடியவில்லை. உடல் தேறி மீண்டும் பறந்தார். இந்தியாவிற்கு வந்து 27-ஆம் படைப்பிரிவின் தலைவரானார். 1945-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அவர் சென்ற லிபரேட்டர் விமானம் தீப்பற்றி வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது. அப்பொழுது அவர்க்கு வயது 28. ஐரோப்பாவில் போர் ஓய்வதற்கு ஒரு கிழமையும் இல்லை. அவருடல் கிடைத்திலது, சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் பொறித்திருக்கின்றது. நம் கடற்கரையிலே நின்று நாம் நோக்கும் அதே கடல்தான் அவரைக் கொண்டது.

இனிக் காப்பாளர் ஐயாவின் வினாவிற்கு விடை கூறுவாம். தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு நினைவிற்கு வருகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கொட்டிலைக் கண்டார். அங்கே படைகள் பீலி சூட்டி மாலையணிந்து நெய் பூசப்பெற்றுப் பளபளத்தன. அதியமான் படைகளோ பகைவரைக் குத்தி முனை முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. புகழ்வார் போலப் பழித்தும், பழிப்பார் போலப் புகழ்ந்தும் அப்பெருமாட்டியார் அரசனுக்கு உண்மையை உணர்த்தினார். மேசைமேல் மெருகேற்றி வைக்கும் மாதிரி தொண்டைமான் கொட்டிலின் வேலைப் போன்றது. அதனைக் காண்போன் போரை ஓர் அணிகலன் என்று எண்ணிவிடக்கூடும். காப்பாளர் ஐயா அஞ்சியது இதுவேயாயின், அவர் அச்சம் நியாயமானதே என ஒப்புகின்றோம்.

ஆனால் மாதிரியை உண்மை வழுவாது செய்வோன் அங்ஙனம் மெருகேற்ற இயலாது. சண்டைக்கு முன் ஹரிக்கேனின் எட்டுத் துப்பாக்கி வாய்களையும் துணித்துண்டு ஒட்டி மூடுவர். சுட்டபின் அத்துணி கிழியும். இறகின் அடியில் புகைக்கறை படரும். எண்ணெய் ஒழுகிய தடமும், விமானி மிதித்து ஏறிய இடத்தில் வண்ணம் தேய்ந்த தழும்பும் காட்டவேண்டும். இவற்றைத் தீட்டுகையில் ஒவ்வொன்றும் எதனால் உண்டாயிற்று என்று நினையாதிருத்தல் அரிது. துப்பாக்கி சுடப்பட்டது என்றால் எதிரே ஒருவர் இருந்தனர் என்பது பொருள். மெசர்ஸ்மிட் 110 இருவர் ஏறிச் செல்லும் விமானம். அவ்விருவரும் தாயார் பெற்ற மக்களே. நிக்கல்ஸனின் வீரத்தைப் போற்றும் நாம் இதனை மறத்தல் கிறிஸ்தவர்க்கு அழகன்று.

இங்கே தோழர்க்கு எம் கருத்தொன்றை வற்புறுத்திக் கூறுவோம். பெட்டிகள் பலவற்றில் விமானியின் சிற்றுருவமும் இருக்கும். கைதேர்ந்த மாதிரிக்காரர் பெரும்பாலும் அதனை எடுத்து ஒதுக்கிவிடுகின்றனர். இருக்கையின் நுண்ணிய வேலைப்பாடும் முன்தட்டின் சிறு வட்டங்களும் அவ்வுருவத்தால் மறையும் என்பது அவர் கூறும் காரணம். அக்காரணத்தை யாம் ஏலோம். ஆளில்லாத போர் விமானம் ஓர் அழகிய இயந்திரமாக மட்டுமே தோன்றும். அதனுள் ஓர் அங்குல மனிதனை அமர்த்தினால், முகத்திற்கு முன் எண்ணெய்க் கலமும், முதுகிற்குப் பின் கவசமும், நடுவே எரியக்கூடிய உடலும் உண்டு என்பது காண்பார்க்குப் புலனாகும். எம் நோக்கில் மாதிரி முழுமையிலும் இன்றியமையாத உறுப்பு அவ்வுருவமே.

ஆகவே மாதிரி தெரிய விரும்பும் தோழர் முதலில் ஒரு மனிதரைத் தெரிவாராக. அவர் பறந்த ஆண்டையும் விமானத்தின் எண்ணையும் நூல்களில் தேடி அறிவாராக. அதன்பின் அளவையும் விலையையும் நோக்கிப் பெட்டி வாங்குவாராக. செய்து முடித்தபின், காண வருவார்க்கு அம்மனிதர் கதையைக் கூறுவாராக. கதை கூற இயலாத மாதிரியை எத்துணை நேர்த்தியாகச் செய்தாலும் அது விளையாட்டுப் பொருளே. விளையாடுதல் குற்றமில்லை, ஆயின் மாண்டவர் பெயரைக்கொண்டு விளையாடுதல் ஆகாது.

படைக்கருவிகளெல்லாம் உழுபடைகளாக மாறும் நாளை ஏசாயா தீர்க்கதரிசி கண்டனர். அந்நாள் இன்னும் வரவில்லை. அதுவரை, போர் யாரை எங்ஙனம் விழுங்கியது என்பதை மறவாதிருத்தல் நம் கடன். எம் ஹரிக்கேனின் இறகிற்கு இன்னும் வண்ணம் பூச வேண்டியிருக்கின்றது. அடையாள எழுத்துக்களும் ஒட்டவில்லை. விமானி மட்டும் தம் இருக்கையில் அமர்ந்துவிட்டார். வேலை முடிந்தவுடன் காப்பாளர் ஐயா எம் அறைக்கு எழுந்தருளி, அவரைக் காணவேண்டும் என்று பணிவுடன் வேண்டிக்கொள்ளுகின்றோம்.